மூட் மாற்றத்துக்கு இரத்தத்தில் ஆதாரம் கிடைக்குமா, டாக்டர்?

வாசகர் கேள்வி: டாக்டர், எனக்கு 31 வயது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எனக்குள் ஏதோ ஒன்று பற்றிக்கொள்கிறது. மூன்று மணி நேரத் தூக்கம் போதும், களைப்பே தெரியாது. நடுராத்திரியில் அலமாரியைக் காலி செய்து திரும்ப அடுக்குவேன், எல்லோரிடமும் நிறுத்தாமல் பேசுவேன், கையில் இருக்கிற பணத்தைச் செலவழிப்பேன். மூன்றாம் நாள் தானாக அடங்கிவிடும். பிறகு ஒரு வாரம், பத்து நாள் எழுந்து குளிக்கக்கூட மனம் வராது. என் அப்பாவுக்கு பைபோலார் என்ற, மனநிலை உச்சத்துக்கும் தாழ்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய் இருந்தது, இரண்டு முறை மருத்துவமனையில் சேர்த்தோம், பிறகு பல வருடம் லித்தியம் சாப்பிட்டு நன்றாக இருந்தார். நான் பார்த்த மனநல மருத்துவர், "முழு பைபோலார் என்று சொல்ல முடியாது, அதன் ஓரத்தில் இருக்கிறீர்கள், கவனித்துக்கொண்டிருப்போம்" என்கிறார். என் கணவரோ, "மூட் எல்லோருக்கும்தான் மாறும், நீயாக ஒரு வியாதியைத் தேடிக்கொள்ளாதே" என்கிறார். நானாகப் போய் இரத்தப் பரிசோதனை செய்தேன், அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதம் 4.1 என்று வந்தது, பைபோலார் உள்ளவர்களுக்கு அது கூடும் என்று படித்தேன். எம்ஆர்ஐ எடுத்தால் தெரியுமா? மரபணு டெஸ்ட் எடுக்கலாமா, ஐந்து வயது மகளுக்கும் சேர்த்து? எனக்கு ஒரே ஒரு காகிதம் வேண்டும், இருக்கிறது அல்லது இல்லை என்று.

பதில்:

அன்புள்ள சகோதரி,

அந்தக் காகிதத்தை உங்களுக்கு இன்று யாராலும் தர முடியாது. உங்களுக்கு இருப்பது லேசான வகை என்பதால் அல்ல, உங்கள் அப்பாவுக்கு இருந்தது போன்ற முழுமையான பைபோலாரையே இரத்தத்திலோ ஸ்கேனிலோ பார்த்து உறுதி செய்யும் பரிசோதனை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. எந்தப் பெரிய மருத்துவமனைக்குப் போனாலும், எவ்வளவு செலவழித்தாலும், கடைசியில் ஒரு மருத்துவர் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டுத்தான் முடிவுக்கு வருவார். ஆனால் ஒன்று, காகிதம் இல்லை என்பதால் உங்கள் கணவர் சொல்வது சரி என்று ஆகிவிடாது. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுத்தான் நீங்கள் இத்தனை நாள் தவித்திருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது. அளக்கக் கருவி இல்லாததும் நோவு இல்லாததும் ஒன்றல்ல. தலைவலியை அளக்கக்கூடத்தான் எந்த டெஸ்டும் இல்லை.

முதலில் அந்த "ஓரம்" என்ற சொல்லைப் பார்ப்போம், உங்களை அதிகம் குழப்பியிருப்பது அதுதான். எங்கள் துறையின் கையேடுகளில் நாள் கணக்கு உண்டு. உச்சநிலை ஒரு வாரம் நீடித்து வாழ்க்கையையே புரட்டிப்போட்டால் அது மேனியா. அதைவிட லேசாக, குறைந்தது நான்கு நாள் தொடர்ந்தால் ஹைப்போமேனியா. தாழ்நிலை இரண்டு வாரம் இருந்தால்தான் முழு மனச்சோர்வு. உங்களுக்கு மேலே போவது மூன்று நாள், கீழே இறங்குவது பத்து நாள். இரண்டு பக்கமும் கோட்டைத் தொடாமல் நின்றுவிடுகிறது. இரண்டு வருடத்துக்கு மேல், பாதி நாட்களுக்குக் குறையாமல் இப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் அதற்கு சைக்ளோதைமியா என்று தனிப் பெயர் இருக்கிறது, ஆனால் உங்களுக்கு நடுவில் பல வாரம் சாதாரணமாகப் போவதாகத் தெரிகிறது, அதனால் அதுவும் பொருந்துமா என்பது சந்தேகம். ஆக, உங்கள் மருத்துவர் மழுப்பவில்லை, உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அந்த நான்கு நாள் கோடு இருக்கிறதே, அது இயற்கை போட்ட கோடு அல்ல. நிபுணர்கள் கூடி உட்கார்ந்து, எங்காவது ஓர் எல்லை வேண்டுமே என்று வைத்தது. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் யூல்ஸ் ஆங்ஸ்ட் என்ற மருத்துவர் 1970களின் இறுதியில் தொடங்கி ஒரே ஆட்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். ஒன்று முதல் மூன்று நாள் மட்டும் உச்சநிலை வந்தவர்களும் நான்கு நாளுக்கு மேல் வந்தவர்களும் குடும்ப வரலாற்றிலும் மனச்சோர்வு வரும் விதத்திலும் அவ்வளவாக வேறுபடவில்லை என்பது அவர் கண்டது. 2011-இல் வந்த 11 நாடுகளின் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. அதில் மேனியா வரும் பைபோலார் முதல் வகை 0.6 சதவீதம், ஹைப்போமேனியாவும் மனச்சோர்வும் வரும் இரண்டாம் வகை 0.4 சதவீதம், இரண்டிலும் சேராமல் உங்களைப் போல ஓரத்தில் நிற்பவர்கள் 1.4 சதவீதம். கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களைவிட வெளியே நிற்பவர்கள் அதிகம். நீங்கள் தனியாள் இல்லை.

சரி, சிஆர்பிக்கு வருவோம். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் கல்லீரல் இந்தப் புரதத்தைக் கூடுதலாக விடும். பைபோலார் உள்ளவர்களைக் கூட்டமாக எடுத்து அளந்தால், குறிப்பாக உச்சநிலையில் இருக்கும்போது, சராசரி கொஞ்சம் கூடியிருப்பது உண்மைதான், நீங்கள் படித்தது தவறில்லை. இன்டர்லூகின்-6, டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற மற்ற அழற்சிப் பொருள்களிலும் இதே கதைதான். மூளை செல்களுக்கு உரம் போல உதவும் பிடிஎன்எஃப் என்ற புரதம் மேனியாவிலும் மனச்சோர்விலும் குறைகிறது, மனநிலை சமமானதும் பெரும்பாலும் ஏறிவிடுகிறது. இதெல்லாம் பொய் ஆராய்ச்சி அல்ல. ஆனால் உங்கள் 4.1 எதனால் வந்திருக்கலாம் என்று கேட்டால் ஈறு வீக்கம், போன வாரத்துச் சளி, உடல் எடை, சரியாகத் தூங்காத இரவு, கருத்தடை மாத்திரை என்று ஒரு டஜன் காரணம் சொல்வேன், அந்த வரிசையில் பைபோலார் எங்கோ கடைசியில்தான் வரும். பிடிஎன்எஃப் உடற்பயிற்சி செய்தால்கூட மாறும். அந்த ரிப்போர்ட்டை உங்கள் குடும்ப மருத்துவரிடம் காட்டுங்கள், ஒரு மாதம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்வார், அது போதும்.

ஆராய்ச்சியில் தெரிவதும் ஒரு தனி ஆளிடம் தெரிவதும் ஏன் இப்படி வேறுபடுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் நாளைக்கே வேறொரு டெஸ்டின் விளம்பரம் உங்கள் கண்ணில் படும். ஒரு நல்ல டெஸ்ட் இருப்பதாக வைத்துக்கொள்வோம், நோய் உள்ள 100 பேரில் 80 பேரைச் சரியாகப் பிடிக்கும், இல்லாத 100 பேரில் 80 பேரைச் சரியாக விட்டுவிடும். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? இதைப் பொதுமக்கள் 1,000 பேருக்குச் செய்வோம், அவர்களில் 20 பேருக்குத்தான் பிரச்சினை என்று கொள்வோம். அந்த 20-இல் 16 பேருக்கு "இருக்கிறது" என்று வரும். மீதி 980 பேரில் 196 பேருக்கும் "இருக்கிறது" என்றே வரும். மொத்தம் 212 பேர் கையில் காகிதத்தோடு கலங்கி நிற்பார்கள், அதில் 16 பேருக்குத்தான் அது உண்மை. உங்கள் அப்பாவுக்கு இருந்ததால் உங்களைப் போன்றவர்களில் 100-க்கு 10 பேர் என்று தாராளமாக வைத்துக் கணக்குப் போட்டாலும், "இருக்கிறது" என்று வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் காகிதம் பொய் சொல்லும். இப்போது இருக்கிற எந்த அழற்சி டெஸ்டும் இந்த 80-க்குப் பக்கத்தில்கூட வராது.

இதில் என் துறை ஏற்கெனவே சூடுபட்டிருக்கிறது. 1981-இல் பெர்னார்ட் கேரலும் அவருடைய குழுவும் ஒரு பரிசோதனையை முன்வைத்தார்கள். இரவு 11 மணிக்கு டெக்ஸாமெத்தசோன் மாத்திரை ஒன்று கொடுத்து, மறுநாள் இரத்தத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் அடங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. அடங்கவில்லை என்றால் கடுமையான மனச்சோர்வு. மனநோய்க்கு ஒருவழியாக இரத்தப் பரிசோதனை வந்துவிட்டது என்று பலரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சில வருடத்திலேயே, எடை குறைந்தவர்களுக்கும், குடியை நிறுத்தியவர்களுக்கும், மறதி நோய் உள்ளவர்களுக்கும் அதே முடிவு வருவது தெரிந்தது. மனச்சோர்வைக் கண்டறியும் பரிசோதனையாக அதை இன்று வழக்கமாகச் செய்வதில்லை. கார்ட்டிசால் மாறியது உண்மை, அது சொன்ன சேதியைத்தான் அவசரப்பட்டுப் படித்துவிட்டோம்.

எம்ஆர்ஐ? பல நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து 6,500 பேருக்கும் மேற்பட்டவர்களின் மூளை ஸ்கேனை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள், 2018-இல் முடிவு வந்தது. பைபோலார் உள்ளவர்களுக்கு நெற்றிப் பகுதியிலும் பக்கவாட்டுப் பகுதிகளிலும் மூளையின் மேலுறை சராசரியில் சற்று மெல்லியதாக இருந்தது, லித்தியம் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது தடிமனாகவே இருந்தது. எனக்கு இது மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு, இந்த நோய் உடம்பில் வேர் உள்ள ஒன்று என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைப்பேன். ஆனால் அந்த வித்தியாசம் மில்லிமீட்டரில் சிறு பங்கு. உங்கள் ஒருவருடைய ஸ்கேனை வைத்துக்கொண்டு எந்த ரேடியாலஜிஸ்டும் பைபோலார் இருக்கிறது, இல்லை என்று எழுத முடியாது. வலிப்பு, புதிதாக வந்த கடும் தலைவலி, தலையில் அடி, கை கால் பலவீனம் இப்படி ஏதாவது இருந்தால் ஸ்கேன் தேவைப்படும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

மரபணு விஷயம் இன்னும் சுவாரசியமானது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு பைபோலார் இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40 முதல் 70 சதவீதம். அதாவது பரம்பரைப் பங்கு மிகப் பெரிது, ஆனாலும் மரபணு அச்சாக ஒன்றாக இருந்தும் மற்றவருக்கு வராமலே போகவும் செய்கிறது. 2025 தொடக்கத்தில் வந்த ஆய்வில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பைபோலார் உள்ளவர்களின் மரபணுவைப் பார்த்து, தொடர்புள்ள 298 இடங்களை அடையாளம் கண்டார்கள். ஒவ்வொன்றின் பங்கும் ஒரு துளிதான். அத்தனையையும் கூட்டி மதிப்பெண் போட்டாலும், யாருக்கு வரும் யாருக்கு வராது என்பதில் சில சதவீதத்துக்கு மேல் அது விளக்குவதில்லை. இன்னொன்று, முதல் வகை பைபோலார் மரபணு அளவில் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய்க்குக் கொஞ்சம் நெருக்கமாகவும், இரண்டாம் வகை மனச்சோர்வுக்கு நெருக்கமாகவும் இருக்கிறது. லேசானது என்பது கடுமையானதின் சின்ன அளவு மட்டும் அல்ல, உள்ளுக்குள் கொஞ்சம் வேறு கலவையாகவும் இருக்கலாம். அதனால்தான் கடுமையான நோயாளிகளிடம் கண்டுபிடித்த அடையாளத்தை அப்படியே உங்கள் மேல் வைத்துப் பார்ப்பதற்கு நான் தயங்குகிறேன்.

ஆனால் கேளுங்கள், காசு கொடுத்து வாங்கும் மரபணு ரிப்போர்ட்டைவிடப் பெரிய மரபணுத் தகவல் ஒன்றை உங்கள் கடிதத்திலேயே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். "லித்தியம் சாப்பிட்டு நன்றாக இருந்தார்." லித்தியம் ஒருவருக்கு நன்றாக வேலை செய்தால் அவருடைய இரத்த உறவுகளுக்கும் வேலை செய்யும் வாய்ப்பு கூடுதல் என்பது பல வருடமாகத் தெரிந்த விஷயம். இப்போது உங்களுக்கு லித்தியம் தேவை என்று நான் சொல்லவில்லை. என்றாவது மருந்து வேண்டும் என்ற நிலை வந்தால் உங்கள் மருத்துவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி. அப்பாவுக்கு முதல் தடவை எந்த வயதில் வந்தது, எப்படித் தொடங்கியது, வேறெந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, பழைய சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று அம்மாவிடமோ, தெரிந்த வேறு யாரிடமோ கேட்டு எழுதி வையுங்கள். அத்தை, சித்தப்பா, தாத்தா பக்கம் தற்கொலை, குடி, நீண்ட நாள் படுத்த படுக்கை என்று ஏதாவது இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள். வீட்டில் பேசாமல் மூடி வைத்த கதைகள்தான் பல நேரம் எங்களுக்கு வழிகாட்டுகின்றன.

2023-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி காய்ந்த இரத்தத்தில் சில கொழுப்புப் பொருள்களை அளந்து, மனச்சோர்வு என்று தவறாகப் பெயர் வாங்கிய பைபோலார் நோயாளிகளைப் பிரித்துக் காட்ட முயன்றார்கள். அந்தத் துளி மட்டும் தனியாகப் பார்த்தால் அதிகபட்சம் 30 சதவீதம் பேரைத்தான் காட்டிக்கொடுத்தது, கேள்வித்தாளோடு சேர்த்தபோதுதான் பயன் கூடியது. நல்ல முயற்சி, எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் கவனியுங்கள், அங்கேயும் கேள்விகள்தான் முன்னே நிற்கின்றன, இரத்தம் அதற்குத் துணைக்கு வருகிறது. அதோடு, அது விடை தேடிய கேள்வியும் வேறு, உங்கள் கேள்வி வேறு.

அப்படியென்றால் உடம்பு எந்தத் தடயமும் விடுவதே இல்லையா? விடுகிறது. நீங்கள் அதை இரத்தத்தில் தேடுகிறீர்கள், அது உங்கள் இரவுகளில் இருக்கிறது.

தூக்கம்தான் சொல்கிறேன். தூக்கம் வராமல் தவிப்பது வேறு, தூக்கமே தேவைப்படாமல் இருப்பது வேறு. கவலையில் தூங்காதவர் மறுநாள் கண் எரிச்சலோடு துவண்டு போயிருப்பார். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, மறுநாளும் அதற்கு மறுநாளும் தேர் போல ஓடுகிறவர் வேறு ஆள். மேனியா வந்தவர்களிடம் முன்கூட்டியே என்ன தெரிந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் முதலில் சொல்வது தூக்கம் மாறியதைத்தான். கையில் கட்டும் அசைவு அளவி வைத்து நடத்திய ஆய்வுகளில், மனநிலை சமமாக இருக்கிற காலத்திலும்கூட பைபோலார் உள்ளவர்களின் தூக்க நேரம் நாளுக்கு நாள் கூடிக் குறைந்துகொண்டு இருப்பது தெரிகிறது. உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் எளிதில் தடம் மாறிவிடுகிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். நார்வேயில் 2016-இல் ஓர் ஆய்வு வந்தது, மேனியாவோடு மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு மாலை 6 மணி முதல் காலை 8 மணி வரை நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியை ஒரு வாரம் போட்டுவிட்டார்கள், வழக்கமான மருந்தும் கூடவே உண்டு. கண்ணாடி போட்டவர்களுக்கு மேனியா நன்றாகக் குறைந்தது. மொத்தமே 23 பேர்தான், அதனால் ஓடிப்போய்க் கண்ணாடி வாங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் வெளிச்சம், இருட்டு, தூக்கம் இவற்றோடு இந்த நோய்க்கு எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள்.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான். அவருக்கும் உங்களைப் போல மூன்று நாள் கணக்கு. எதுவும் ஞாபகம் இல்லை என்பார், கேட்டால் "சும்மா கொஞ்சம் சுறுசுறுப்பா இருந்தேன் டாக்டர்" என்பார். படுக்கும் நேரம், எழும் நேரம், பத்துக்கு எத்தனை தெம்பு, இந்த மூன்றை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னேன். நான்கு மாதம் கழித்து அந்த நோட்டைக் கொண்டுவந்தார். பக்கம் பக்கமாக ஒரே நீல மையில், சின்ன எழுத்தில், 11.10, 6.20, தெம்பு 5 என்று போகிறது. திடீரென்று ஓர் இரவு 1.40, எழுந்தது 5.00, தெம்பு 8. அடுத்த நாள் 2.30, 4.45, தெம்பு 10, எழுத்து கோட்டைத் தாண்டி இரண்டு மடங்கு பெரிதாகியிருக்கிறது, ஓரத்தில் சிவப்பு மையில் ஏதோ தொழில் திட்டம், அம்புக்குறிகள். அதற்கடுத்த இரண்டு பக்கமும் காலி. பிறகு பென்சிலில் மெலிதாக, தெம்பு 2. அவர் அந்தப் பக்கங்களை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. நான்கு மாதத்தில் இது மூன்று முறை, மூன்று முறையும் முதலில் சரிந்தது தூக்கம்தான், அதில் இரண்டு முறை அதற்கு முந்தைய இரவு வேலைக்காகக் கண் விழித்திருந்தார். எந்த லேப் ரிப்போர்ட்டும் எனக்கு இவ்வளவு சொன்னதில்லை.

நீங்களும் அதையே செய்யுங்கள். கையில் கட்டும் கடிகாரம் தூக்கத்தைக் கணக்கெடுக்கும் என்றால் அதையும் பயன்படுத்தலாம், ஆனால் அது போடும் மதிப்பெண்ணையும் ஆழ்ந்த தூக்கச் சதவீதத்தையும் விட்டுவிட்டு, படுத்த நேரம் எழுந்த நேரம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் தேதியைக் குறியுங்கள். அதிகமாகச் செலவழித்த நாளைக் குறியுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு அதை உங்கள் மருத்துவர் மேசையில் வையுங்கள், "மூன்று நாள்தான் நீடிக்கிறது" என்று நீங்கள் நினைப்பது உண்மையில் ஐந்து நாளா என்பதும் அப்போது தெரியும். உள்ளே இருப்பவருக்கு முதல் நாள் எப்போதும் நல்ல நாளாகத்தான் தெரியும், அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார். அதற்கிடையில், எழும் நேரத்தை மட்டுமாவது தினமும் ஒன்றாக வையுங்கள், விடுமுறை நாளிலும்.

செய்ய வேண்டிய இரத்தப் பரிசோதனையும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். தைராய்டு. அது அதிகமாகச் சுரந்தால் தூக்கம் குறைந்து படபடவென்று இருக்கும், குறைவாகச் சுரந்தால் அசதியும் சோர்வும் வரும். அதைக் காட்டும் டிஎஸ்எச் பரிசோதனையைப் பார்த்துவிடுவது நல்லது. இரத்தசோகை, வைட்டமின் பி12 இவற்றையும் பார்க்கலாம். ஆஸ்துமாவுக்கோ தோலுக்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், அது தனியாகவே ஆளை உச்சநிலைக்குத் தூக்கிவிடக்கூடும். இவையெல்லாம் பைபோலாரைக் கண்டுபிடிக்க அல்ல, பைபோலார் போல வேஷம் போடும் வேறொன்று இல்லை என்று உறுதி செய்துகொள்ள.

அப்புறம் ஒரு முக்கியமான எச்சரிக்கை. அந்தப் பத்து நாள் தாழ்நிலையில் வேறொரு மருத்துவரிடம் போய், "மனசே சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் மனச்சோர்வு மாத்திரை எழுதலாம். இந்தப் பின்னணி உள்ள சிலருக்கு அந்த மாத்திரை தனியாகப் போனால் உச்சநிலையைத் தூண்டிவிடக்கூடும். அதனால் எந்த மருத்துவர் ஆனாலும் முதல் இரண்டு வாக்கியத்திலேயே அப்பாவையும் அந்த மூன்று நாட்களையும் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே ஏதாவது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இன்னொரு கேள்வியும் எனக்கு இருக்கிறது, மகள் பிறந்த முதல் சில வாரம் எப்படி இருந்தீர்கள்? பிரசவத்துக்குப் பிறகான நாட்கள் இந்த விஷயத்தில் மிகவும் பலவீனமானவை, அடுத்த குழந்தை பற்றிய எண்ணம் இருந்தால் மனநல மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

இரண்டு இரவு தொடர்ந்து தூக்கம் மூன்று மணி நேரத்துக்குக் கீழே போய், தெம்பும் ஏறிக்கொண்டே போனால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். யாரோ பேசுவது கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள், எனக்குத் தனிச் சக்தி வந்திருக்கிறது என்றெல்லாம் தோன்றினாலும், தாழ்நிலையில் வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலும் அன்றைக்கே மருத்துவமனை, மறுநாள்கூட இல்லை. எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, ஓரத்தில் நிற்பவர்களில் பலர் ஓரத்திலேயே நின்றுவிடுகிறார்கள், சிலர் விலகியும் போகிறார்கள். சைக்ளோதைமியா உள்ளவர்களில் 15 முதல் 50 சதவீதம் பேர் பிற்காலத்தில் முழு பைபோலாருக்குப் போவதாகக் கையேடு சொல்கிறது, இவ்வளவு அகலமான கணக்கே அதை ஒருவர் விஷயத்தில் கணிப்பது எவ்வளவு கடினம் என்று காட்டுகிறது. "கவனித்துக்கொண்டிருப்போம்" என்பதும் ஒரு சிகிச்சைதான், இருவரும் உண்மையிலேயே கவனித்தால்.

உங்கள் கணவரை நான் குறை சொல்ல மாட்டேன். மாமனார் மருத்துவமனையில் கிடந்ததைப் பார்த்தவர், உங்களுக்கும் அது என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அவரிடம் வாதாட வேண்டாம், நோட்டில் ஒரு பத்தியை அவருக்குக் கொடுங்கள். "இன்றைக்கு இவள் பேச்சு வழக்கம்போல இருந்ததா, அதிகமா, குறைவா" என்று தினமும் ஒரு சொல் அவர் எழுதட்டும். வெளியிலிருந்து பார்க்கும் கண் எங்களுக்கு அவசியம், அதோடு மூன்று மாதம் தன் கையால் எழுதியதை அவரால் மறுக்கவும் முடியாது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மகளுக்கு மரபணு டெஸ்ட் வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த ரிப்போர்ட்டில் என்ன வந்தாலும் நாளைக்கு நீங்கள் செய்யப்போகும் காரியம் எதுவும் மாறாது, ஆனால் அவள் அடம்பிடிக்கிற ஒவ்வொரு முறையும், சந்தோஷத்தில் குதிக்கிற ஒவ்வொரு முறையும் நீங்கள் அவளை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள். அவள் நேரத்துக்குத் தூங்கட்டும். பதின்ம வயதில் தூக்கம், பேச்சு, படிப்பு இவற்றில் பெரிய மாற்றம் தெரிந்தால் அப்போது ஒரு குழந்தைகள் மனநல மருத்துவரைப் பார்க்கலாம், தாத்தாவைப் பற்றிய அந்த ஒரு பக்கக் குறிப்பு அன்றைக்கும் உதவும், பத்திரமாக வையுங்கள்.

உங்கள் நோட்டு மூன்று மாதம் நிறைந்ததும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.